ஆறு கொண்டுவந்த தேங்காய்

சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். பம்பாயில் குண்டு விழும் என்று பயந்து மனைவியைப் பாலக்காட்டுக்கு அனுப்பிவிட்டு, மாதுங்காவில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தேன். ஆவணி அவிட்டத்தன்று வெறும் வீட்டில் உட்கார மனம் வராமல், ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரான மராட்டி நண்பரோடு கொங்கணத்தில் அவருடைய கிராமத்துக்குப் போனேன்.

ஆற்றங்கரை ஊர். ஒரு காலத்தில் மரமும் அரிசியும் ஏற்றிக்கொண்டு பாய்மரப் படகுகள் அங்கிருந்துதான் பம்பாய்க்கு வருமாம். நான் பார்த்தபோது கிடங்குகளில் வௌவால்தான் இருந்தது. படகு கட்டும் இரும்பு வளையத்தில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். நண்பர் வீட்டுக்கே மூன்று படகுகள் இருந்தனவாம். அவை கைவிட்டுப் போனபின் அவருடைய அண்ணன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறார். ஒரு வருஷமாகக் கடிதம் இல்லை. மனைவியின் கடிதம் நாலு நாள் தாமதமானாலே எனக்குச் சோறு இறங்காது. அந்த வீட்டிலேயே இருந்த அவர் மனைவி, நண்பரின் அண்ணி, எப்படித்தான் நடமாடுகிறாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். சாயங்காலம் சந்தியாவந்தனம் பண்ணலாம் என்று ஆற்றில் இறங்கினால், குடுமியோடு ஒரு தேங்காய் மிதந்து வந்து முழங்காலில் இடித்தது. நமக்குத் தேங்காய் என்றால் சாமி முன்னால் உடைப்பது. முழுசாகத் தண்ணீரில் விடுகிற வழக்கம் ஒன்று உண்டென்று எனக்குத் தெரியாது. ஓசியில் வந்ததை விடுவானேன் என்று சந்தியையும் மறந்து வீட்டுக்கு ஓடி, துவையலுக்கு ஆச்சு என்று பல்லைக் காட்டிக்கொண்டு அண்ணியிடம் நீட்டினேன்.

நண்பரின் முகம் வெளிறிவிட்டது. அன்றைக்கு அவர்களுக்கு நாரளி பௌர்ணமியாம். கடலுக்குப் போனவர்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டுமென்று தேங்காய் விடும் நாள். காலையிலிருந்து பட்டினி கிடந்து, கணவருக்காக அண்ணி விட்ட தேங்காய்தான் அது. குடுமியில் அவர் கட்டிய சிவப்பு நூல்கூட அவிழவில்லை. எனக்குப் பூமி பிளந்து விழுங்காதா என்று இருந்தது.

அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். எனக்குப் புரியும்படி இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "உப்புக் கரிக்கிறது. கடல்வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டுத்தான் வந்திருக்கிறது."

எனக்கு உயிர் வந்தது. மறுநாள் காலை அதே படித்துறையில் ஆசமனத்துக்குத் தண்ணீரை வாயில் விட்டேன். அதுவும் உப்புக் கரித்தது. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஆறு, எப்போதுமே அப்படித்தான் என்றார் நண்பர். அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவருக்கா அது தெரியாது?

அடுத்த மழைக்காலத்துக்குள் நண்பரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அண்ணன் வந்தாரா என்று எழுதிக் கேட்கக் கை வரவில்லை. அண்ணி என் மனம் நோகக்கூடாதென்று அப்படிச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியாது. நான் முகம்கூடப் பார்த்திராத அந்த மனிதர் திரும்பி வரவேண்டுமே என்று இன்றும் ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.