கறுப்புக் குடை தொங்கும் அறை

"இந்தக் குடைக்குப் பின்னால என்ன எழுதியிருக்குன்னு தஞ்சாவூர் ஜில்லாவுலயே ஒருத்தருக்கும் தெரியாது" என்றபடி, அரசு மருந்தகத்து சிஸ்டர் மெஹராஜ் பேகம் தம் குடையை விரித்து, பெயர்ப்பலகை மறையும்படி ஆணியில் மாட்டுகிறார். மறுநொடியே, "சரி, ஜில்லா கொஞ்சம் கூடுதல்தான். இந்த வராண்டாவுலன்னு வச்சுக்குங்க" என்று தாமே குறைத்துக்கொள்கிறார்.

பலகை சொல்வது இது: 'எய்ட்ஸ், பால்வினை நோய்களுக்கு இலவச ரத்தப் பரிசோதனை. கல்லூரி மாணவர்கள் முன்பதிவின்றி வரலாம்.' அது பளிச்சென்று தெரிந்த முதல் மாதம் ஓர் ஈ கூட வரவில்லை. குடை ஏறிய பிறகு வியாழக்கிழமைகளில் பெஞ்சில் இடம் கிடைப்பதில்லை. "கறுப்புக் குடை ரூம்" என்றால் மூன்று கல்லூரி விடுதிகளுக்கும் தெரியும்.

உள்ளே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, நெல்லின் பெயர்தான். "வெள்ளைப் பொன்னி, கைய நீட்டுங்க. ஆடுதுறை முப்பத்தாறு, காலாட்டாம உக்காருங்க." சிஸ்டர் ஐம்பத்துநான்கு வயது அய்யம்பேட்டைக்காரர். ஆணுறையைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவதே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு வருபவர்களிடம், "வெக்கத்த வெளியில சைக்கிளோட சேத்துப் பூட்டிட்டு வாங்க" என்பார்.

போன வியாழன் அப்படிப் பூட்டிவிட்டு வந்தவன் ஐ.ஆர். இருபது. சொந்தப் பெயர் சாமிதுரை, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், விடுதியில் தங்கிப் படிப்பவன். ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பு இதோட சரிக்கா" என்று மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வாசலில் அந்த அப்பாவே நின்றார்.

இளையபெருமாள், குத்தகை விவசாயிகள் சங்கத்துத் தலைவர். நில வழக்கின் வாய்தாவுக்கு வந்தவர், வாசலில் நின்ற மகன் சைக்கிளின் கேரியரில் தாம் கட்டிய கயிற்றை அடையாளம் கண்டிருக்கிறார்.

"உடம்புக்கு என்னடா?"

சாமிதுரை வாயைத் திறக்குமுன் மெஹராஜ் பேகம் முந்திக்கொண்டார். "எலிக்காய்ச்சல் பரவுதுங்க. இந்த வருஷமும் ஆத்துல தண்ணி இல்ல, எலி எல்லாம் ஊருக்குள்ள வந்துடுச்சு. நேத்து ஒரு எலி இந்த ஜன்னல்ல, பூனை அளவு! அதான் வயக்காட்டுப் புள்ளைங்களுக்கெல்லாம் ரத்தம் பாக்கறோம்."

"அப்ப எனக்கும் பாருங்கம்மா. இவன் எலியப் படத்துலதான் பாத்திருப்பான். நான் பத்து வயசுலேர்ந்து வரப்பு வெட்டிப் புடிச்சவன்." துண்டை உதறித் தோளில் போட்டு, இரண்டு மாணவர்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பையன்களை நெல் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவர் காதிலும் விழுந்திருந்தது. "எனக்கு என்ன நெல்லு?"

"மாப்பிள்ளைச் சம்பா" என்றார் மெஹராஜ் பேகம். பெஞ்சு சிரிப்பில் குலுங்கியது. தோளில் ஒரு துண்டு, காலில் புழுதி. இவர் எந்தப் பலகையைப் படிக்கப் போகிறார் என்று சிஸ்டருக்கு ஒரு தெம்பு. சர்க்கரையைப் பார்த்து அனுப்பிவிடலாம் என்று மனத்துக்குள் முடிவும் செய்தாயிற்று.

ஐ.ஆர். இருபதை உள்ளே கூப்பிட்டார். "ஒண்ணும் இல்ல. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை வா. ஆணுறையப் பத்திச் சொன்னதை மறந்துடாத." சாமிதுரை சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்தான்.

"அப்பாவை நெனச்சு ஏன் பயப்படற? அந்தக் குடைக்குப் பின்னால இருக்கறது ஒருத்தருக்கும் தெரியாது."

"ஒருத்தனுக்குத் தெரியும்மா."

இளையபெருமாள் கதவருகே நின்றிருந்தார். "குடைய ஒதுக்கிப் படிச்சிட்டுத்தான் உள்ள வந்தேன். நாப்பது வயசுல அறிவொளி ராத்திரி வகுப்புல எழுத்துக் கூட்டினவன் நான்." மகனைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டினார். "எலியும் வேணாம், கிலியும் வேணாம். போர்டுல என்ன போட்டிருக்கோ, அதையே பாருங்க."