வண்டி திரும்ப இடம்

இலங்கை மலையகத்தில், கொஸ்லந்த பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாக ஒட்டிய அறைகளில் வாழ்ந்த லயங்களை இடித்துத் தனி வீடுகள் கட்டுவது பற்றிக் கூட்டம் நடந்தது. சிங்களத்தில் பேசிய அதிகாரிக்கு மொழிபெயர்க்க நான் போயிருந்தேன். அங்கேதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். கொழுந்து பறிப்பவர். மெலிந்து உயர்ந்த உடம்பு, விரல்களில் தேயிலைக் கறை. கேள்வி கேட்க எழுந்தால் பதில் வரும்வரை உட்காரமாட்டார்.

கிடைத்த நிலம் கொஞ்சம்தான். பாதையை ஒடுக்கினால் வீட்டுக்கு வீடு மரக்கறிப் பாத்தி போடலாம் என்றார்கள் எல்லோரும். அவர் மட்டும் எழுந்து, "வண்டி மேல வர்ற மாதிரி ரோட்ட அகலமா போடுங்க. என் வாசலக்கூட எடுத்துக்கங்க" என்றார்.

"ஒங்ககிட்ட வண்டியா இருக்கு?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. ஒடுங்கிய பாதைக்கே கைகள் உயர்ந்தன. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும், "வீட்டுல யாருக்காவது சுகமில்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இப்ப யாருங்க இருக்கா? எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலிச்சப்ப கம்பளியில கட்டித் தூக்கிட்டு எறங்குனோம். ரோட்டுக்கு வர்றதுக்குள்ள பேச்சு நின்னுருச்சு. சிரிச்சவங்களுக்கும் வயசாகுமில்ல?"

வீடுகள் முடிந்தபின் ஒருநாள் போனேன். எல்லா முற்றத்திலும் போஞ்சி, கோவா என்று மரக்கறிகள் பச்சையாக நின்றன. அவருடையது மட்டும் வெறும் தரை.

"ஒன்னும் நடலையா?"

"என்னைக்காவது ரோடு வந்தா, வண்டி திரும்ப எடம் வேணுமில்லங்க?"

அவர் வீட்டுக்கு வெகு கீழேயே பாதை முடிந்து, படிக்கட்டு தொடங்கியிருந்தது. அங்கே வண்டி வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்ததா என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.