பதக்கத்தின் பின்புறம்

இக்குறிப்பில் நான் நேரில் கண்டவற்றையும் என் காதால் கேட்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். தனித்து வாழ்வோரிடம் நினைவு மிகுந்த உரிமை எடுத்துக்கொள்ளும். நடவாததை நடந்ததாகச் சொல்லி ஆறுதல் தரும். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். என் முன்னே மேசைமேல் ஒரு வெள்ளிப் பதக்கம் இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தினும் சற்றே பெரியது, வட்டமானது, முன்புறத்தில் எவ்வித வேலைப்பாடும் இல்லாதது. அதைச் செய்தவர், நான் பணியாற்றிய அரசு அலுவலகப் பிரிவில் எனக்குக் கண்காணிப்பாளராக இருந்த அம்மையார். இவ்வளவும் உறுதி.

எங்கள் பிரிவுக்கு வந்த மனுக்களில் கையெழுத்திடத் தெரியாதோரின் ரேகைகள் நிறைய இருக்கும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து உழவர்கள், மைப்பெட்டியில் அழுத்திய விரலைத் தாளில் வைத்துவிட்டுத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார்கள். அந்த ரேகைக்கருகே ‘இன்னாருடைய இடது பெருவிரல் ரேகை’ என்று எழுதி, அறிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். அது இல்லாத தாளை அம்மையார் ஏற்கமாட்டார். “யாரோடதுன்னு எழுதலைன்னா அது ரேகை இல்லம்மா, வெறும் மைக்கறை” என்பார்.

ஓய்வுக்குப் பின் வேங்கிக்காலில் இரண்டு தெரு இடைவெளியில் குடியிருந்தோம். அவர் கணவரை இழந்தவர். நான் மணம் செய்துகொள்ளாதவள். வயதில் அவர் எனக்கு மூன்றாண்டு மூத்தவர். ஒரு கோடையில், வெளிநாட்டிலிருந்த அவருடைய மருமகள் ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தாள். ‘வெள்ளிக்களிமண்’ என்று அதன்மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. பெயர் பொருந்தாது, அதில் மண் கிடையாது. நுண்ணிய வெள்ளித் தூளை நீரோடும் ஒரு பசையோடும் குழைத்த மாவு அது. நெருப்பிலிட்டால் பசை எரிந்துபோய் வெள்ளி மட்டும் எஞ்சும். இருவருக்கும் நகைத்தொழில் தெரியாது. உள்ளே இருந்த செய்முறைத் தாளை நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் சிவப்பு மையால் அதைத் திருத்தினார். “‘சில நிமிடங்கள்’னு எழுதியிருக்கியே, எத்தினி நிமிஷம்? ஆபீஸ்ல நோட் போடச்சொல்ல இப்படித்தான் எழுதுவியா?”

உள்ளங்கையில் நல்லெண்ணெய் தடவி மாவை உருட்டினோம். காற்றுப் பட்டால் உடனே காய்ந்து வெடிக்கும் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, சித்திரை வெயிலில் வியர்த்தபடி அமர்ந்திருந்தோம். மிஞ்சிய உருண்டையைப் பூக்காரி பூவை மூடுவதுபோல் ஈரத்துணியால் மூடிவைத்தோம். முதலில் நான் இலை வடிவில் செய்த பதக்கம் அடுப்பில் உப்பி உடைந்தது. “ஈரமா இருக்கச்சொல்ல அடுப்புல வெச்சா வெடிக்காம என்னா பண்ணும்?” என்று சிரித்தார். அதன்பின், காயவைத்ததைச் சற்றே சூடாக்கி முகக்கண்ணாடிமேல் வைத்துப் பார்ப்போம். கண்ணாடியில் ஆவி படிந்தால் இன்னும் ஈரமிருக்கிறதென்று பொருள். நெருப்புக்கு முன் மற்றொரு வேலையும் உண்டு. உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து விரல் பதிந்த தடங்களை நீக்க வேண்டும். எரிந்து வெள்ளியானபின் அவை நீங்குவது அரிது. என் இரண்டாவது இலையின் நடுவில் என் விரல் அப்படியே பதிந்திருந்தது.

“ஏம்மா, டிகிரி படிச்சவதானே நீ? வெள்ளியில கைநாட்டு வெச்சிட்டியே!”

“காஞ்சிடுமேன்னு அவசரமா அமுக்கிட்டேங்க மேடம்.”

“யாரு ரேகைன்னு யாரு சாட்சி போடறது? நானா? போ, தேய்ச்சி எடு.”

அவர் செய்த எதிலும் ஒரு கோடு எஞ்சியதில்லை. அவற்றையெல்லாம் என் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

மழைக்காலம் முடிந்ததும் மகன் வந்து அவரைத் தன்னோடு அழைத்துச் செல்வதென முடிவாயிற்று. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் வண்டி நகராது என்று அதற்கு முன்நாளையே பயணத்துக்குத் தேர்ந்தார்கள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, மீந்திருந்த மாவை இரு பாதியாக்கினார். ஒன்றில் அரசிலையை அழுத்தி நரம்பு நரம்பாகப் பதித்துப் பேத்திக்கொரு பதக்கம் செய்தார். மற்றதை வெறும் வட்டமாக வெட்டினார். கனலும் நிறம் தெரிவதற்காகச் சாளரத் திரையை இழுத்துவிட்டு, அடுப்பின் வலைமேல் இரண்டையும் வைத்தோம். சிறு சுடர் எழுந்து அடங்கியது. பிறகு இரண்டும் இளஞ்சிவப்பாய்க் கனன்றன. ஆறியபின் திருநீறு பூசியதுபோல் வெளுத்திருந்தன. பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால்தான் அந்த வெண்மைக்குள்ளிருந்து வெள்ளி தெரியும். பேத்தியினுடையதை அவரே தேய்த்துப் பளபளப்பாக்கினார். என்னுடையதைத் தாளில் மடித்துக் கொடுத்தார்.

“இத இங்க தேய்க்காத. வூட்ல போய் நீயே தேய்ச்சிக்கோ.”

நான் புண்பட்டேன். பேத்திக்கு நரம்போடிய இலை. எனக்கு வேலை முடியாத வெறும் வில்லை. ‘போகாதீர்கள்’ என்று சொல்வதற்காகவே அன்று சென்றிருந்தேன். சொல்லாமல் திரும்பினேன். பொட்டலத்தை அலமாரியில் ஊசிநூல் டப்பாவுக்குள் போட்டேன்.

மகன் வீட்டிலிருந்து இருமுறை தொலைபேசியில் பேசினார். இருமுறையும் “தேய்ச்சியா?” என்று கேட்டார். “நேரமே கிடைக்கலைங்க மேடம்” என்றேன். நேரத்தைத் தவிர என்னிடம் அப்போது வேறெதுவும் இருந்ததில்லை. இரண்டாம் முறை, “சரி, வெள்ளி எங்க போயிடப் போவுது? மெதுவா தேய்” என்றார். நான் அவரிடமிருந்து கேட்ட கடைசிச் சொற்கள் அவை. ஆடி மாதத்தில் மகன் அழைத்து, அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றான்.

அன்று மாலை தூரிகையையும் சோப்பு நீரையும் எடுத்துவைத்துக்கொண்டு தேய்த்தேன். முன்புறம் வெறுமையாகவே ஒளிர்ந்தது. திருப்பித் தேய்த்தபோது, வெண்மை விலக விலக, ஒன்றனுள் ஒன்றாக வளைந்த கோடுகள் வந்தன. ஒரு பெருவிரல் ரேகை, விளிம்பு மழுங்காமல், நடுவில் சரியாக இருந்தது. நெருப்பில் பசை எரிந்து வெள்ளி சுருங்கியதால் ரேகையும் வளர்ந்தவர் விரலைக் காட்டிலும் சற்றே சிறுத்திருந்தது. என் பத்து விரல்களையும் மையில் தோய்த்துத் தாளில் பதித்து ஒப்பிட்டேன். என்னுடையவற்றில் ஒன்றுகூட அதுபோல் இல்லை. அந்த மாவைத் தொட்டவர்கள் நாங்கள் இருவரே.

இப்போது என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மலை தெரியும். இரண்டு தெரு தள்ளி, அவர் வீட்டு மாடிக் கொடியில் வேறு யாருடைய துணிகளோ காய்கின்றன. பதக்கத்தை ஒரு வெள்ளைத் தாள்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அருகில் ‘இன்னாருடைய’ என்று தொடங்க வேண்டிய வரியை எழுத எத்தனையோ முறை பேனாவை எடுத்துவிட்டேன். வாழ்நாள் முழுதும் கையெழுத்திட்டவர். ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய வேறு ரேகை என்னிடம் இல்லை. இது இடக்கையா வலக்கையா என்பது எனக்குத் தெரியாது. அதை அவர் அறிந்தே விட்டுவைத்தாரா, தேய்க்க மறந்தாரா என்பதும் தெரியாது. “தேய்ச்சியா?” என்று இதற்காகத்தான் கேட்டாரா என்பதும் தெரியாது.