நூர் பாஷாவின் அண்ணன்

சவுதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த அந்த வாரம், நிசார் அகமது தன் வீட்டு ஹாலில் ஃபேன் போட எழுந்தார். கதவோரம் ஒரு பலகை நிறைய சுவிட்சுகள். ஒன்றைத் தட்டினார், வாசல் விளக்கு எரிந்தது. இன்னொன்றைத் தட்டினார், டிவி அணைந்தது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த நேரம் பார்த்து தம்பி நூர் பாஷா செல்போனில் பேசிக்கொண்டே உள்ளே வந்தான். திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி ஒரு சுவிட்சைத் தட்டினான். ஃபேன் சுற்றியது.

அந்த வீடு நிசார் அனுப்பிய பணத்தில் எழும்பியது. அஸ்திவாரம் தோண்டியபோதும் அவர் ரியாத்தில்தான் இருந்தார், கான்கிரீட் போட்டபோதும் அங்கேதான். மேஸ்திரியோடு நின்றது நூர் பாஷா.

அண்ணன் தம்பி இருவருக்கும் தொழில் ஒன்றுதான். தர்மபுரியில் சேலம் ரோட்டில் அவர்கள் அப்பா வைத்திருந்த குஷன் கடையில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் சீட் தைத்துப் பழகியவர்கள். நிசாருக்குக் கல்யாணமாகி மூத்தவள் சானியா கைக்குழந்தையாக இருந்தபோது, ரியாத்தில் சோபா தைக்கும் பட்டறை ஒன்றுக்கு ஆள் வேண்டுமென்று சொந்தக்காரர் மூலம் விசா வந்தது. ஒரு விசாதான். நூர் பாஷாவும் கேட்டான். கல்யாணமாகாதவன், போனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றான். மூத்தவன் போவதுதான் முறை என்று நிசார் சொல்லிவிட்டார். ரெண்டு வருஷம், கடன் தீர்ந்ததும் வந்துவிடுகிறேன் என்று மனைவி அமீருன்னிசாவிடம் சொல்லிவிட்டுப் போனவர், பதினெட்டு வருஷம் இருந்தார். இடையில் லீவில் வந்துபோனதில் மகன் தௌசீப் பிறந்தான். பட்டறை முதலாளி இறந்து, அவர் மகன்கள் அந்த இடத்தை விற்றதும்தான் அவருக்கு ஊர் திரும்ப வழி பிறந்தது.

அங்கே எட்டுப் பேர் படுக்கும் அறை. அடுக்குக் கட்டிலில் மேல் தட்டில் படுத்துக்கொண்டு நிசார் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்வார். நான் இங்கே தனியாகக் கிடக்கிறேன், அவள் அங்கே தனியாகக் கிடக்கிறாள், ரெண்டு பேருக்கும் ஒரே கஷ்டம். வேறு எந்த ஆறுதலும் அவ்வளவு தூரம் வேலை செய்ததில்லை.

திரும்பி வந்த பிறகு அவர் பார்த்தது வேறு. பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் கறிக்கடைக்குப் போனார். யார் நீங்க என்று கடைக்காரர் கேட்டார். அப்பா பெயரைச் சொன்னார், அவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், நூர் பாஷாவோட அண்ணன், சவுதில இருந்தாரே என்று எடுத்துக் கொடுத்ததும்தான் கடைக்காரர் முகம் மலர்ந்தது. நல்ல துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். அந்தக் கறி அன்று நிசாருக்கு இறங்கவில்லை.

இன்னொரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, நூர் பாஷா எதற்கோ "வத்தல்மலை" என்று ஒரு வார்த்தை சொன்னான். உடனே சானியாவும் தௌசீப்பும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அமீருன்னிசா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். என்ன விஷயம் என்று நிசார் கேட்டார். சானியா சொன்னாள். ஒரு ரம்ஜானுக்கு அடுத்த நாள் எல்லோரும் வேனில் வத்தல்மலைக்குப் போனார்களாம். வளைவில் வேன் நின்றுவிட்டதாம். சாச்சா நூர் பாஷா இறங்கித் தள்ளும்போது அவர் செருப்பு பள்ளத்தில் விழுந்துவிட்டதாம். மலையில் காபிக்கொட்டை காயவைத்திருந்த ஒரு அம்மாவிடம் ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாராம், அது பொம்பளைச் செருப்பாம். சொல்லி முடித்துவிட்டு அவள் நிசார் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்தார். ஒரு நொடி தாமதமாகச் சிரித்தார் என்பது அவருக்கே தெரிந்தது. சானியா குழம்புப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அந்த ரம்ஜானுக்கு நாம் எங்கே இருந்தோம் என்று யோசித்தார். ஏதோ ஒரு பெரிய வீட்டில் விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸுக்குத் திண்டு தைத்துக்கொண்டிருந்திருப்பார். நூர் பாஷாவுக்கு ரெண்டு தெரு தள்ளி அவனுக்கென்று ஒரு வீடு இருந்தது, மனைவி இருந்தாள், மகன் இருந்தான். அது போதாதென்று என் வீட்டுச் சிரிப்பையும் எடுத்துக்கொண்டானே என்று மனசுக்குள் ஒரு எரிச்சல் உட்கார்ந்தது. உட்கார்ந்தது எழுந்திருக்கவில்லை.

கடையில் தம்பியோடு சேர்ந்து வேலை பார்த்தார். தொப்பூர் கணவாய் ஏறி வரும் லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டியதும் "நூர் பாய் இல்லீங்களா?" என்றுதான் கேட்பார்கள். அவன் டீ குடிக்கப் போயிருந்தால் காத்திருப்பார்கள். நிசார் கையால் தைத்த சீட்டைக் குறை சொன்னவர் யாருமில்லை. ஆனால் அவரைத் தேடி வந்தவரும் யாருமில்லை.

இந்த நிலையில்தான் சானியாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கிருஷ்ணகிரிக் குடும்பம். பையனுக்குக் கத்தாரில், தோகாவில் வேலை. கல்யாணம் முடிந்ததும் பெண் மாமியார் வீட்டில் இருக்க வேண்டும், பையன் லீவுக்கு வந்துபோவான், ஃபேமிலி விசா பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பெண் பார்க்க வந்த அன்று பையனின் அப்பா சோபாவில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் நூர் பாஷாவிடமே பேசினார். அவருக்கு முன்பே பழக்கம் நூர் பாஷாதான், பழகியவரிடம் பேசினார், அவ்வளவுதான். நூர் பாஷாவே ரெண்டு தடவை, அண்ணனைக் கேளுங்க என்று கைகாட்டினான். அந்தக் கைகாட்டல்தான் நிசாருக்குத் தாங்கவில்லை. தன் வீட்டில் தனக்கு ஒருவன் இடம் கொடுக்கிறான்.

"எங்களுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை வேணாங்க. மன்னிச்சிக்குங்க" என்று எழுந்து நின்றார்.

வந்தவர்கள் டீயை முடிக்காமல் போனார்கள். சானியா அறையை விட்டு வரவில்லை. அமீருன்னிசா மிச்ச டீயைக் கொட்டிவிட்டுத் தட்டுகளைக் கழுவி வைத்தாள்.

மறுநாள் கடையில் நூர் பாஷா மெதுவாகத்தான் ஆரம்பித்தான். வேண்டாமென்றால் வேண்டாம், அதை வந்தவர்கள் போன பிறகு சொல்லியிருக்கலாம் என்றான். நிசார் காத்திருந்ததே அதற்குத்தான்.

"என் வூட்டுக்கு நீ பெரிய மனுசனா? நான் அங்க வெந்து சம்பாரிச்சேன், நீ இங்க உக்காந்து அப்பனாயிட்ட."

நூர் பாஷா கையில் இருந்த கத்தரியை மேஜைமேல் வைத்தான். வேலைக்கு இருந்த ரெண்டு ஆட்களும் வெளியே போய்விட்டார்கள்.

"வூட்டைப் பார்த்துக்கன்னு நீதான சொல்லிட்டுப் போன" என்றான். அன்றிலிருந்து அண்ணனோடு பேசுவதையும் அண்ணன் வீட்டுக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டான்.

தம்பி விலகினால் அந்த இடம் தனக்கு வந்துவிடும் என்று நிசார் உள்ளுக்குள் நம்பியிருந்தார். இடம் காலியாகத்தான் கிடந்தது. பிள்ளைகள் சண்டை போடவில்லை, முகம் சுளிக்கவில்லை. கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொன்னார்கள். தௌசீப் சைக்கிள் ரிப்பேர் என்றால் சத்தமில்லாமல் சாச்சா வீட்டுக்கே போனான். வீட்டில் எல்லோரும் விருந்தாளி வந்திருப்பதுபோல் நடந்துகொண்டார்கள்.

ஒரு மத்தியானம் அமீருன்னிசா மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தெருவிலுள்ள மகளிர் குழுவுக்குத் தலைவி. பேங்குக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் தனியாக ஸ்கூட்டியில் போய் வருபவள். நிசார் சவுதிக்குப் போன காலத்தில் கடைத்தெருவுக்கே மாமியார் துணையில்லாமல் போகாதவள். நிசார் படியேறிப் போய், மனசில் இருந்ததைக் கேட்டார். நீ பட்ட பாட்டை நம்ம பொண்ணும் படணுமா? அதனால்தானே வேண்டாமென்று சொன்னேன், அது உனக்குக்கூடப் புரியவில்லையா?

அவள் கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"நான் என்னங்க பாடு பட்டேன்?"

"தனியா கெடந்தியே."

"மொதோ ரெண்டு வருஷம் அழுதேன். இல்லேன்னு சொல்லல. அப்புறம் அழ நேரமில்ல. புள்ளைங்க, வூடு கட்டுற வேலை, குழு. அப்புறம்..." என்று நிறுத்தினாள். "பொய் சொல்லட்டுங்களா, நெசத்தைச் சொல்லட்டுங்களா?"

"சொல்லு."

"எனக்கு நல்லாத்தாங்க இருந்துச்சு. எதையும் யாரையும் கேக்காம நானே முடிவு பண்ணேன். வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். நாலு பொம்பளைங்க என்னைத் தேடி வந்தாங்க. நீங்க மொத்தமா வர்றேன்னு போன் பண்ணினப்ப பாதி சந்தோசம், பாதி பயம். இப்பவும் அந்தப் பயம் முழுசா போகல."

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டார், சொன்னாள். துணிகளை அள்ளிக்கொண்டு கீழே போய்விட்டாள்.

நிசார் வெயிலிலேயே நின்றார். இத்தனை நாளும் தப்பான ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறோம் என்று தோன்றியது. ரெண்டு பேருக்கும் ஒரே கஷ்டம் என்று நினைத்தல்லவா அந்த மேல் தட்டில் படுத்திருந்தார். அவர் கஷ்டப்பட்ட வருஷங்களில் அவள் வளர்ந்திருக்கிறாள். அவள் நன்றாக இருந்தாள் என்பதற்குச் சந்தோஷப்பட வேண்டும். அவரால் முடியவில்லை. அதற்குப் பிறகு பல நாள், அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் அவர் ஜன்னலோரம் நின்று பார்த்தார். தம்பிமேல் வந்தது கோபம் கலந்த பொறாமை. இது வேறு பொறாமை. இதில் திட்டுவதற்கு ஆளே இல்லை.

அந்தச் சமயம் அர்ச்சுனன் என்ற லாரி டிரைவர் சீட் மாற்ற வந்தார். சவுதியில் டிரைலர் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள், போகலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். "நீங்க இத்தனை வருஷம் இருந்திருக்கீங்களே பாய், போனதுக்குப் பிரயோசனம் இருந்துச்சா?"

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு நிசார் வீட்டைக் காட்டுவார், சானியாவின் படிப்பைச் சொல்லுவார். அன்று அதையெல்லாம் விட்டுவிட்டார். ஊசியில் நூலைக் கோத்துவிட்டு, "போறவனுக்குத் தனிக் கணக்கு, இருக்கிறவங்களுக்குத் தனிக் கணக்குங்க. என்கிட்ட பாதிதான் இருக்கு. மீதியை என் வூட்டுக்காரியைத்தான் கேக்கணும்" என்றார். அர்ச்சுனனுக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டினார்.

மறுபக்கம் மேஜையில் ரெக்ஸின் வெட்டிக்கொண்டிருந்த நூர் பாஷா நிமிர்ந்து பார்த்தான். ஒரே கடையில் வேலை பார்த்துக்கொண்டே வாரக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள். லாரி போனதும் நிசார் அவன் பக்கத்தில் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"வூட்டுக்கு வாடா. புள்ளைங்க தேடுது."

நூர் பாஷா ரெக்ஸினைச் சுருட்டி ஓரமாக வைத்தான். "அந்த விசாவ நான் கேட்டேன், ஞாபகம் இருக்குதா?" என்றான்.

"சின்னப்பையன், ஏதோ ஆசையில கேட்ட."

"ஆசையிலதான் கேட்டேன். நீ பிளேன் ஏறுன அன்னிக்கு நான் சோறு திங்கல. நீ அனுப்புன சென்ட் பாட்டிலை ஒரு வருஷம் தொறக்கவே இல்ல. உன் புள்ளைங்கள நான் ஒண்ணும் எடுத்துக்கல அண்ணா. எனக்குப் போக வழியில்ல. இங்க என்ன இருந்துச்சோ அதைப் பார்த்தேன்."

நிசாருக்கு அந்த நாட்களில் தம்பியின் முகம் எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அப்போது அவர் தன் துக்கத்தில் இருந்தார். தான் தியாகம் என்று நினைத்துக் கிளம்பிய ஒன்றைப் பார்த்து ஒருவன் சோறு தின்னாமல் இருந்திருக்கிறான்.

அதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. நூர் பாஷா வர ஆரம்பித்தான், முன்போல் தினமும் இல்லை. கிருஷ்ணகிரி சம்பந்தம் கைவிட்டுப் போனதுதான். அதற்காக அமீருன்னிசா பல நாள் முணுமுணுத்தாள். ஒருநாள் சானியாவே நிசாரிடம் வந்து, வெளிநாட்டு மாப்பிள்ளை என்றாலும் தனக்குப் பரவாயில்லை, ஆனால் தன்னை விட்டுவிட்டுப் போகிற மாப்பிள்ளை வேண்டாம், அம்மா மாதிரி தனக்கு வராது என்றாள். அம்மா மாதிரி. அவள் அதைப் பெருமையாகச் சொன்னாளா, பயந்து சொன்னாளா என்று நிசாருக்குத் தெரியவில்லை. ஆனால் அவரிடம் வந்து சொன்னாள்.

அடுத்த வருஷம் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பையனுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். இந்த முறை நிசாரும் அமீருன்னிசாவும் ஸ்கூட்டியில் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நிக்காஹ் தர்மபுரியிலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. அப்பா என்ற முறையில் நிசார் மேடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். பெண்ணிடம் சம்மதம் கேட்கப் போன சாட்சிகளில் ஒருவனாக நூர் பாஷாவைப் போகச் சொன்னது அவர்தான்.

சாயங்காலம் பெண்ணை அனுப்பும் நேரம் வந்தது. சானியா அவரிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்குங்க அப்பா என்றாள். அவர் அவள் தலையில் கைவைத்தார். பிறகு அவள் திரும்பி நூர் பாஷாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். மண்டபத்து வாசலில் அத்தனை பேருக்கு நடுவில் நின்றுகொண்டு சின்னக்குழந்தைபோல் அவனும் அழுதான்.

நிசாருக்குள் பழைய எரிச்சல் அப்படியே கிளம்பியது. கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அவர் வேறு பக்கம் பார்க்கவில்லை. கார் கதவு சாத்தும்வரை நின்று பார்த்தார். அதற்குள் உள்ளே பந்திக்கூடத்திலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், பிரியாணி ஆக்கிய தேக்சா அண்டாக்களை வாடகைக் கடைக்காரர் எடுக்க வந்திருக்கிறார், எதில் இன்னும் சோறு இருக்கிறதென்று தெரியவில்லை என்று. அவர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதோ வர்றேன் என்று உள்ளே போனார்.