வகைக்கெழுவுக்கு ஒரு மாதிரி வகுப்பு

மகனைப் பாலர் பள்ளியில் விட்ட வருடம் நான் மறுபடியும் வேலை தேடத் தொடங்கினேன். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். பதினோராம் வகுப்புக்குக் கணித ஆசிரியை வேண்டும். முதலில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பாடத்தையும் அவர்களே சொன்னார்கள்: பல்லுறுப்புக் கோவைகளின் வகைக்கெழு.

அடுப்படியில் நின்றபடியே நடத்திப் பார்த்தேன். வரச் சொன்ன நாளில் சேரன்மகாதேவியிலிருந்து காலைப் பேருந்தில், சேலை கசங்கக் கூடாதென்று கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்த தலைமையாசிரியை சற்று நேரத்தில் எழுந்து போய்விட்டார். நான் கரும்பலகையில் 4x³ − 5x² + 7x + 9 என்று எழுதினேன். அடுக்கை முன்னால் கொண்டுவந்து பெருக்கு, அடுக்கில் ஒன்றைக் குறை. 12x² − 10x + 7.

"அந்த ஒம்பது எங்க போச்சு டீச்சர்?" என்றாள் முன்வரிசைப் பெண்.

"எக்ஸ் மாறினாலும் ஒம்பது மாறாதுல்லா? நாம பாக்கிறது மாறுற வேகத்தை. மாறாததுக்கு வேகம் ஏது?"

"அப்பம் பூச்சியம்!" என்று கத்தினாள். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

மணி அடித்ததும், அடுத்த பாடவேளையையும் நானே எடுக்க வேண்டுமென்று சொல்லி அனுப்பினார்கள். பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். தொண்டை கட்ட நடத்தினேன். முடியும்போது அந்தப் பெண் கேட்டாள்: "நீங்களாவது நாளைக்கு வருவீங்களா டீச்சர்?"

"ஏன் அப்படிக் கேக்க?"

"நேத்து ஒரு சார் வந்து இதுக்கு முந்தின பாடம், எல்லை, நடத்துனாவ. அதுக்கு முந்தி வேற ஒரு டீச்சர். யாருமே திரும்பி வரல. எங்களுக்குக் கணக்குக்கு ஆளே கிடையாது."

மாதிரி வகுப்பு என்று தினம் ஒருவரைக் கூப்பிட்டுச் சும்மாவே பாடத்தை ஓட்டுகிறார்கள் என்று புரிந்தது. நேரே தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன்.

"நல்லா எடுத்தீங்களாம். தகவல் சொல்லுவோம்" என்றார்.

"அடுத்த பாடம் பெருக்கல் விதி. நாளைக்கு யாரு வாராவ மேடம்?"

நிமிர்ந்து பார்த்தார். கூச்சம் கொஞ்சமும் இல்லை. "அதுக்கு ஆள் சொல்லியாச்சு. நீங்க கிளம்புங்க."

சண்டை போட்டிருக்கலாம். வேறு பள்ளிகளிலும் சொல்லிவைத்துவிடுவாரோ என்று பயந்து, சரி மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில், "பாக்கலாம்னாவ" என்றேன். தகவல் வராது என்று தெரிந்தும் செல்பேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்தார். "ஏட்டி, இது நீ போன பள்ளிக்கூடந்தானே? இயற்பியலுக்கு ஆள் வேணுமாம். உன் கூடப் படிச்சவ யாரும் இருந்தா சொல்லேன்."

நான் பேப்பரை வாங்கி மடித்து வைத்தேன். அன்றைக்கு அத்தனை நன்றாகப் பாடம் நடத்தித் தொலைத்தேனே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.