ராக்கெட் குச்சியால் பிடித்த ஊளை

சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயிலில் மைக் பேச வேண்டும். விஸ்வநத்தத்தில் பேச்சியம்மாள் வீட்டில் நான் ரிப்பேர் பையை இறக்கியபோது மதியம் இரண்டு. பேச்சியம்மாளுக்குப் பட்டாசு கம்பெனியில் திரி கட்டும் வேலை. திருவிழா நாட்களில் மைக் செட் வாடகைக்கு விடுவார். ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர், நான்கு குழாய் ஸ்பீக்கர். முந்தின நாள் கொடியேற்றத்தில் அது ஊளையிட்டிருக்கிறது. "நாளைக்கும் கத்துச்சுன்னா வேற செட்டுதான்" என்று கமிட்டித் தலைவர் சொல்லிவிட்டார்.

டிப்ளமா படித்த ஒருவர் வந்து பார்த்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது, தூக்கிப் போடுங்கள் என்றிருக்கிறார். நான் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன். லாரி கிளீனராகவும் ஓட்டலில் மேசை துடைத்தும் நாலு மாநிலம் சுற்றி, பெல்லாரியில் ஒரு மைக் செட் கடையில் சோற்றுக்கு வேலை செய்தபோது கற்ற தொழில் இது.

"அண்ணாச்சி, சரியாகுமா, இல்ல காயலாங்கடைதானா? பட்டுனு சொல்லிருங்க."

"தொறந்து பாத்துட்டுச் சொல்றேன். பொறு தாயி."

பெட்டியைத் திறந்தேன். மொபைல் பாட்டுப் போடுவதற்காக முன்பு ஒரு மெக்கானிக் கூடுதலாக ஒரு வால்வு சேர்த்திருந்தார். குறைந்த வால்யூமில் குரல் சுத்தமாக வந்தது. டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தால் அப்படி வராது. பாதிக்கு மேல் திருப்பினால் கீச்சென்று கத்தி, பிறகு சத்தமே அடைத்துப்போனது. அவுட்புட் வால்வுக்குள் தகடு சிவந்தது. காதுக்கு எட்டாத உயரத்தில் இன்னும் கத்துகிறது என்று அர்த்தம். ஆசிலேஷன். வெளியே போகும் சிக்னல் கசிந்து திரும்ப உள்ளேயே வந்தால் இப்படி ஆகும். அதைத் திரையில் அலையாகக் காட்டும் ஸ்கோப் என்னிடம் கிடையாது. காதுக்கு எட்டாத கத்தல் ரேடியோவில் பிடிபடும் என்று, பாக்கெட் ரேடியோவை மீடியம் வேவில் பக்கத்தில் வைத்தேன். ரேடியோ கிறீச்சிட்டது.

உள்ளே நானூறு வோல்ட். விரல் வைக்க முடியாது. காய்ந்த ராக்கெட் குச்சி ஒன்று கேட்டு வாங்கினேன். வயர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, நூலால் விரற்கடைக்கு ஒரு முடிச்சாக, அத்தனை அழகாகக் கட்டப்பட்டிருந்தன. குச்சியால் அந்தக் கட்டை அழுத்தும்போதெல்லாம் ரேடியோவின் சத்தம் மாறியது.

"எந்தக் கிறுக்குப்பய கட்டுனான் இத? உள்ள வர்ற வயரையும் வெளிய போற வயரையும் ஒண்ணாப் படுக்கப் போட்டிருக்கான்!"

"கிறுக்குப்பய இல்ல அண்ணாச்சி, கிறுக்கச்சி. நாந்தேன் கட்டுனேன். அந்த மெக்கானிக்கு குருவிக்கூடு மாதிரி போட்டுட்டுப் போயிட்டாரு. கம்பெனில ஏங் கட்டப் பாத்து ஒருத்தரு கொற சொன்னதில்ல, தெரியும்ல?"

பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சரில் தங்கியிருந்த கரண்டை இறக்கிவிட்டு, நூல்கட்டை அறுத்தேன். வால்யூமுக்குப் போகும் வயரை கம்பிவலை உறை போட்ட ஷீல்டு வயராக மாற்றினேன். சிக்னல் உள்ளே நுழையும் புது வால்வின் கிரிட் காலில், கத்தலை அடக்க ஒரு ரெசிஸ்டர் வைத்தேன். வெளியே போகும் வயரை எதிர்மூலைக்குத் தள்ளினேன்.

"இப்ப நீயே கட்டு தாயி. இது ரெண்டும் பக்கத்துல வரக்கூடாது, அம்புட்டுத்தான்."

பத்து நிமிடத்தில் இரண்டு தனிக் கட்டுகளாகக் கட்டி முடித்தார். என் கைக்கு அந்தச் சுத்தம் வராது.

ஆறு மணிக்குக் கோயிலில் முக்கால் வால்யூம் வைத்தோம். ரேடியோவில் கிறீச்சல் இல்லை, வால்வில் சிவப்பு இல்லை. கமிட்டித் தலைவர் மைக்கில் இரண்டு வார்த்தை பேசியவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏத்தா பேச்சி, ஆனைக்குட்டம் வரைக்கும் கேக்கும் போல. கொஞ்சம் கொறையேன்!"

பேச்சியம்மாள் குறைக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒன்று. பெட்டியைத் திறப்பதற்கு முன், கடைசியாக இதில் கை வைத்தது யார் என்று கேளுங்கள். திட்டுவதற்கு முன்பும் கேளுங்கள்.