நாலு செல்லில் எரிந்த டியூப்லைட்

சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டதே என்று பின்பக்கம் திறந்தேன். செல் பொங்கி, தகட்டில் பச்சை பூத்திருந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். இதற்கெல்லாமா ஒருத்தி சந்தோஷப்படுவாள் என்று நீங்கள் சிரிக்கலாம்.

தொண்ணூறுகளில் அஸ்தினாபுரத்து மொட்டை மாடியில் அம்மா வடகம் காயவைப்பாள். பக்கத்தில் நான் டார்ச் செல் காயவைப்பேன். வெயில் பட்டால் தீர்ந்த செல்லுக்கும் கொஞ்சம் உயிர் வரும். அதில் பாதி அப்பாவின் ரேடியோவில் உருவியது. "நியூஸ் நேரத்துல பொட்டி செத்துப்போச்சுடி!" என்று அவர் கத்துவது தெருக்கோடிவரை கேட்கும்.

நான் அப்போது பாலிடெக்னிக் முடித்துத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் என் டப்பாதான் கதி. பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள் நாலு செல், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பழைய டிரான்ஸ்பார்மர்; ஒயரெல்லாம் சால்டரிங் அயர்னால் நானே பற்றவைத்தது. மூடிமேல் ஓரடி டியூப்லைட். கையில் பிடித்துக்கொண்டே நடக்கலாம். தப்பான இடத்தில் விரல் பட்டால் தோள்வரை சுரீர் என்று இழுக்கும், அவ்வளவுதான்.

அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் மிரட்டுவாள். "கல்யாணம் நிச்சயமாகட்டும், அந்த சால்டரிங் அயர்ன் பழைய இரும்புக்காரன்கிட்டதான் போகும்." சொன்னால் செய்கிறவள். மாப்பிள்ளை எப்படியிருப்பாரோ என்பதைவிட எனக்கு அந்தப் பயம்தான்.

பெண் பார்க்கத் தாம்பரத்திலிருந்து வந்தார்கள். பஜ்ஜித் தட்டை வைத்ததும் கரண்ட் போயிற்று. கூடம் கும்மிருட்டு, கொசு வேறு. மெழுகுவத்தி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் எவ்வளவு நேரம்தான் அடக்கமாக நிற்பது? டப்பாவை எடுத்து ஸ்விட்சைத் தட்டினேன். பளீரென்று வெளிச்சம்! எல்லார் முகமும் தெரிந்தது, அம்மாவின் முறைப்பு உட்பட.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்தார். பார்த்தது என்னையில்லை, டப்பாவை.

"எத்தனை செல்லுங்க?"

"நாலு."

"நான் ஆறு போட்டும் எரியலையே!"

"டிரான்ஸ்பார்மரைத் திருப்பிப் போட்டீங்களா? நேராப் போட்டா வோல்டேஜ் குறைஞ்சில்ல போகும்?"

"அட, ஆமா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவருடைய அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க வீட்டு செல்லெல்லாம் இவன்தாம்மா தின்னுட்டான். டேய், இந்தப் பொண்ணை விட்டுடாதே!"

ஜெயித்துவிட்டேன்! சீர்ப் பாத்திரங்களோடு சால்டரிங் அயர்னையும் அம்மாவே துணியில் சுற்றி வைத்தாள்.

இப்போது பெருங்களத்தூரில் பத்தாவது மாடியில் இருக்கிறோம். கரண்ட் போனால், யார் முதலில் டப்பாவை எடுப்பது என்று நாங்கள் இருவரும் எழுந்திருப்பதற்குள் ஜெனரேட்டரைப் போட்டுவிடுகிறார்கள். எங்களுக்கென்று ஒரு நிமிஷ இருட்டுகூடக் கிடைப்பதில்லை.